பட்டம் ஏற்ற முதல் இறங்குமிடம் பாருங்கள்

மார்கழி மழை ஓய்ந்து வாடைக்காற்று சீராக வீசத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எங்கள் மின்பராமரிப்புக் குழுவுக்கு ஒரு பருவகால வேலை வந்து சேரும். விடியப்புறத்தில் அழைப்பு வரும்: "எங்கட ஒழுங்கைக்கு மட்டும் கறண்ட் இல்லை." மழையும் இல்லை, இடியும் இல்லை, மரமும் முறியவில்லை. போய்ப் பார்த்தால் கம்பியில் பட்டத்தின் வால் தொங்கிக்கொண்டிருக்கும். சில இடங்களில் பட்டத்தையே காணோம். நூல் மட்டும் இரண்டு கம்பிகளைச் சேர்த்துச் சுற்றியிருக்கும்.

பட்டம் விடாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைப் பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்லவும் மாட்டார். கப்பலும் பறவையும் கை கால் அசைக்கும் உருவங்களும் ஒற்றைக் கயிற்றில் மேலே ஏறி நிற்கும்போது, அதைக் கட்டிய பொடியளின் கைக்கணக்குக்கு முன்னால் என்னுடைய பொறியியல் படிப்பு கொஞ்சம் கூச்சப்படத்தான் செய்யும். எனக்கு உள்ள குறை ஒன்றுதான். எல்லோரும் பட்டத்தை ஏற்றத் தோதான இடம் தேடுகிறார்கள். அது எங்கே இறங்கும் என்று பார்க்கிறவர்கள் குறைவு. என் தொழிலில் கண்ணில் படுவதெல்லாம் இறங்கிய பட்டங்கள்.

முதலில் முச்சை, அதாவது பட்டத்தை ஏற்றும் நூலோடு இணைக்கும் நூல்கட்டு. கம்பியிலிருந்து நாங்கள் கழற்றியெடுக்கும் சின்னப் பட்டங்களில் பலவற்றில் முச்சை பிசகியிருக்கும். நாலுமூலைப் பட்டமென்றால் தலைப்பக்கத்தில் இரண்டு நூல், நடுவிலோ சற்றுக் கீழேயோ ஒரு நூல்; மூன்றும் முன்னால் ஒரு முடிச்சில் சேரும். பட்டம் காற்றுக்கு எவ்வளவு முகம் கொடுக்க வேண்டும் என்பதை அந்த முடிச்சு நிற்கும் இடமே தீர்மானிக்கிறது. முடிச்சு தலைப்பக்கம் ஏறினால் பட்டம் படுத்த மாதிரிப் பறக்கும், இழுவை குறையும், பலத்த காற்றைச் சமாளிக்கும். அளவுக்கு மீறி ஏறினால் தலைக்கு மேலே வந்து நூல் தளர்ந்து அப்படியே விழும். முடிச்சு கீழே இறங்கினால் நெஞ்சை நிமிர்த்திக் காற்றை வாங்கும், கையில் இழுவை கூடும், ஆனால் உயரம் பிடிக்காமல் நின்று உதறும். இரண்டு பக்க நூலும் அரை விரற்கடை பேதப்பட்டாலே போதும், ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து குத்தும். குத்துகிற பட்டம் இடம் பார்த்துக் குத்துவதில்லை.

இதைச் சரிபார்க்க வெளிக்குப் போகவே தேவையில்லை. காற்றடிக்காத விறாந்தையில் முச்சை முடிச்சைப் பிடித்துப் பட்டத்தைத் தூக்குங்கள். தலை சற்று மேலேயும் வால்பக்கம் சற்றுக் கீழேயும் நிற்க வேண்டும், இரண்டு தோளும் சமமாக இருக்க வேண்டும். ஒரு தோள் தாழ்ந்தால் உடனே நூலை இழுத்துக் கட்டாதீர்கள். பெரும்பாலும் அந்தப் பக்கச் சிலாகை பாரமாக இருக்கும். மூங்கிலைச் சீவும்போதே நடுவில் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்து, தாழ்ந்த பக்கத்தை இன்னும் கொஞ்சம் சீவியிருந்தால் இந்த வில்லங்கம் வராது. பறக்கும்போது இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடினால் முச்சையில் கை வைக்க வேண்டாம், வால் போதவில்லை என்று அர்த்தம். பழைய சேலைக் கிழிசல் போதும், பட்டத்தின் நீளத்தைப்போல் ஐந்தாறு மடங்கு. வால் பாரத்துக்காகக் கட்டப்படுகிறது என்று நினைத்து நுனியில் கல்லோ ஆணியோ கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வால் காற்றில் இழுபடுவதால்தான் பட்டம் நிலைக்கிறது. கல்லால் ஒரு பயனும் இல்லை, கீழே நிற்பவரின் மண்டைக்கு ஆபத்துத்தான் கூடும்.

ஓடி ஓடி ஏற்றுவதும் எனக்குப் பிடிக்காத காட்சி. பின்னால் பார்த்துக்கொண்டு முன்னால் ஓடும் பிள்ளைக்குக் கிணற்றுக்கட்டும் தெரியாது, வீதியும் தெரியாது. ஓடித்தான் ஏற்ற வேண்டுமென்றால் அன்றைய காற்று பட்டத்துக்கு உரியதல்ல. ஒருவர் நூறடி தள்ளிக் காற்றின் கீழ்ப்பக்கம் போய்ப் பட்டத்தைத் தூக்கிப் பிடிக்கட்டும், மற்றவர் நின்ற இடத்தில் நின்று நூலை வலிக்கட்டும், போதும். மரத்துக்கும் மாடி வீட்டுக்கும் பின்னால் காற்று சுழலும். அந்தச் சுழல் மரத்தின் உயரத்தைப்போல் ஏழெட்டு மடங்கு தூரம் வரை போகும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இனி இடம். எங்கள் வடக்குக் கரையில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. "கடற்கரையில் நின்றுதானே விடுகிறோம், அங்கே கம்பி எங்கே?" என்று கேட்பார்கள். வாடை வடகிழக்கிலிருந்து, கடலிலிருந்து கரைக்கு வீசுகிறது. நீங்கள் நிற்பது மணலில். பட்டம் நிற்பது ஊருக்கு மேலே. நூலுக்குக் கீழே பருத்தித்துறை – காங்கேசன்துறை கரையோர வீதி, வீதியோரம் மின்கம்பிகள், அதற்கப்பால் வீடுகள். காற்று விழுந்தால் எல்லாம் அவற்றின்மேல் விழும். விட்ட நூலின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்கு, பட்டம் போகும் பக்கத்தில் கம்பியோ வீதியோ இருக்கக் கூடாது. 300 அடி நூலென்றால் 300 அடி வெளி. வெளி கிடைக்காவிட்டால் நூலைக் குறைக்க வேண்டியதுதான். வல்லை வெளி மாதிரித் திறந்த இடத்திலும் வீதியோடு கம்பி ஓடுகிறது. அங்கே கம்பியைத் தாண்டிக் காற்றின் கீழ்ப்பக்கம் போய் நில்லுங்கள். காற்று முதுகில் பட வேண்டும், கம்பி முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பலாலிப் பக்கத்தில் இருப்பவர்கள் விமானப் பாதையையும் மறக்கக் கூடாது. 2019 ஒக்டோபரில் பலாலி விமானத்தளம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபின் அங்கே மேலே இருப்பது வெறும் வானமல்ல.

விடியப்புற அழைப்புகளுக்கு வருகிறேன். காற்றில் அதிர்ந்து கூவும் நாரான விண் பூட்டிய பட்டத்தை இரவு முழுக்கக் கட்டிவிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். பனைமரத்திலோ வேலிக் கதியாலிலோ கட்டிவிட்டு, அது கூவுவதைக் கேட்டுக்கொண்டே படுத்துவிடுவார்கள். நல்ல விண்ணின் சத்தம் எனக்கும் பிடிக்கும். ஆனால் இரவில் தரை குளிர்ந்ததும் கீழ்க்காற்று தளரும். பின்னிரவில் பட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும், நூல் தொய்ந்து கம்பியில் படுக்கும், அதன்மேல் பனி இறங்கும். உலர்ந்த பருத்தி நூல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. பனியில் நனைந்து, கடற்காற்றின் உப்பும் படிந்த நூலின் கதை வேறு. நைலோன் நூலும் அப்படித்தான். நூல் கடத்தாவிட்டாலும் அதன்மேல் படிந்த உப்பு ஈரம் கடத்தும். காலையில் பட்டத்தை இறக்கப் போகிறவர் வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று அந்த நூலைப் பிடிக்கிறார். கம்பியில் இருக்கும் காகத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். காகத்தின் இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கின்றன, மின்சாரம் அதன் உடலுக்குள்ளால் போக வேண்டிய தேவையில்லை. உங்கள் கால் மண்ணில் இருக்கிறது.

இப்போது பட்டத்துக்கு மின்குமிழும் பற்றரியும் பூட்டுகிறார்கள். இரவில் பார்க்க வடிவுதான். அந்தச் செப்பு வயர் நூலோடு சேர்ந்து கீழே இறங்கி வரக் கூடாது; குமிழ், பற்றரி எல்லாம் பட்டத்தோடு நின்றுவிட வேண்டும். வெள்ளிப் பளபளப்புத் தாளில் வால் வைப்பதையும் விடுங்கள். அதில் உலோகப் பூச்சு இருக்கிறது, இரண்டு கம்பிகளுக்குக் குறுக்கே விழுந்தால் அந்த இடத்திலேயே வெடிக்கும்.

வீட்டுக்கு வரும் கம்பி 230 வோல்ற். அதற்கு மேலே உயரமான தூண்களில் போவது 11,000 அல்லது 33,000 வோல்ற். இந்த உயரழுத்தக் கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே பாயும். பட்டம் சிக்கியதும் பொடியள் செய்யும் முதல் வேலை நூலைப் பிடித்து இழுப்பது. வெறுங்கம்பிகள் ஒன்றோடொன்று அடிபடும், தீப்பொறி பறக்கும், உருகிய அலுமினியம் சொட்டும். சில வேளை கம்பியே எரிந்து அறுந்து விழும். அடுத்த வேலை வீட்டுக்கு ஓடிப்போய்க் காய் பறிக்கும் கொக்கத்தடியை எடுத்து வருவது. முன்பு மூங்கில் தடி. அதிலும் பச்சை மூங்கிலுக்குள் நீர் இருக்கிறது. இப்போது பல வீடுகளில் அலுமினியத் தடி. அதைக் கம்பிக்கு நேரே தூக்குவதைவிட மோசமான காரியம் என் தொழிலில் எனக்குத் தெரியாது. நாங்கள் இந்த வேலைக்கென்றே செய்த காப்புத் தடியோடு, லைனை நிறுத்தி, நிலத்தோடு இணைத்தபின்தான் கிட்டப் போகிறோம். தூணில் ஏறுவதைப் பற்றி எழுதவே எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் ஏறுகிறார்கள்.

"பொறி நின்றுபோச்சு அண்ணை, கறண்ட் போயிட்டுது, இனி எடுக்கலாம்தானே?" இந்தக் கேள்வியை ஒவ்வொரு பருவமும் கேட்கிறேன். எடுக்கக் கூடாது. உயரழுத்த லைன்களில் பழுது வந்து துண்டித்தபின் சில விநாடிகளில் தானாகவே திரும்ப இணைக்கும் கருவிகள் உண்டு. காற்றில் அசைந்த கிளை பட்டிருந்தால் விலகியிருக்கும், மின்சாரம் தொடரட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. நீங்கள் தடியோடு நிற்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. அறுந்து விழுந்த கம்பியும் அப்படியே. கரையோர உலர் மணலில் கிடக்கும் கம்பியிலிருந்து நிலத்துக்குப் போகும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருக்கலாம். அவ்வளவு சிறிய ஓட்டத்தைப் பாதுகாப்புக் கருவி பழுதென்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். சத்தமும் இல்லாமல் பொறியும் இல்லாமல் கம்பி உயிரோடு கிடக்கும். குறைந்தது 10 மீற்றர் தள்ளி நில்லுங்கள். அதற்குள்ளே அகப்பட்டுவிட்டால் கால்களை அகட்டி வைத்து ஓடாதீர்கள், இரண்டு பாதமும் ஒட்டியபடி நிலத்தோடு தேய்த்துத் தேய்த்து வெளியே வாருங்கள்.

நூலைப் பற்றியும் கொஞ்சம். சென்னையில் கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் கழுத்தறுத்து உயிர்கள் போயிருக்கின்றன. இந்தியாவின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 இல் மாஞ்சாவுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. எங்கள் பக்கம் ஒன்றையொன்று அறுக்கும் விளையாட்டு பெரிதாக இல்லை, அதனால் பயமில்லை என்று நினைக்கிறோம். ஆபத்துக்கு மாஞ்சா பூசாத தங்கூசியே (மீன்பிடிக்கும் நைலோன் இழை) போதும். வீதிக்குக் குறுக்கே கழுத்தளவில் தொய்ந்து நிற்கும் தங்கூசி மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்குக் கண்ணில் படாது, பட்டபின் அறாது. பருத்தி நூல் ஓரளவு இழுவைக்கு மேல் அறும், வெயிலில் மழையில் உக்கும். சின்னப் பட்டத்துக்கு அதுவே நல்லது. பட்டம் அறுத்துக்கொண்டு போனால் பட்டத்தின் பின்னால் ஓடாமல், நூல் எந்த வீதிக்கு மேலால் கிடக்கிறது என்று பார்த்து முதலில் அதைச் சுருட்டுங்கள். கம்பியில் பட்ட நூலாக இருந்தால் அதையும் தொடக் கூடாது. தை மாதத்து மாலைகளில் கரையோர வீதியால் போகிறவர்கள் தலைக்கவசத்தின் முகக் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போவது நல்லது.

படலம் எனப்படும் பெரிய பட்டங்கள் தனி விஷயம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். பத்தடிக்குப் பத்தடிப் படலம் ஒன்று மணிக்கு 20 கிலோமீற்றர் காற்றில் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ இழுக்கும் என்பது என் உத்தேசக் கணக்கு. காற்று 40 ஆகும்போது அது 60 முதல் 80 கிலோ, அதாவது ஓர் ஆளின் நிறை. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கத்தில், குழுவாகப் பெரும் பட்டம் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் கயிற்றை விடாமல் பிடித்து முப்பது நாற்பது அடி உயரத்துக்குத் தூக்கப்பட்ட காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. உயிர் தப்பினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள், நான் அந்தக் காணொளியில் தேடியது அருகில் கம்பி ஓடுகிறதா என்பதை. இந்த அளவுப் பட்டத்துக்குக் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றக் கூடாது. ஏற்ற முதலே கயிற்றின் அடி நுனியை மண்ணில் ஆழ நட்ட கட்டையிலோ வாகனத்திலோ கட்டிவிட வேண்டும். கையுறை போட வேண்டும். "விடு" என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கையை விடுவது என்று முன்பே பேசி வைக்க வேண்டும். முன்னால் நிற்பவர் பிடித்துக்கொண்டிருக்கப் பின்னால் நிற்பவர்கள் விட்டுவிடுவதால்தான் ஆள் மேலே போகிறார்.

கம்பியில் பட்டம் சிக்கினால் நூலைக் கையிலிருந்து விட்டுவிட்டு, மின்தடை முறைப்பாட்டுக்கான 1987 இலக்கத்துக்கு அழையுங்கள். இடத்தைச் சொல்லும்போது "கோயிலடி, சந்தியடி" என்பதோடு, அருகிலுள்ள வீட்டின் மின்பட்டியலில் இருக்கும் கணக்கு இலக்கத்தையும் சொன்னால் எங்களுக்கு லைனைக் கண்டுபிடிப்பது சுகம். ஒருவருக்கு மின்சாரம் தாக்கியிருந்தால் அவரைத் தொடாமல் 1990 அம்புலன்சுக்கும் சேர்த்து அழையுங்கள். பட்டம் சிக்கியதைச் சொன்னால் தண்டம் கட்ட வேண்டிவரும் என்று பயந்து பொடியள் ஓடி ஒளிகிறார்கள். ஆள் யாரென்று நாங்கள் கேட்பதில்லை. எந்தத் தூண் என்று மட்டும் சொன்னால் போதும்.