கரைந்த பிறகும் காலியாக இருக்கும் கூண்டுகள்

எந்தத் திரவத்திலும் மூலக்கூறுகளுக்கிடையே இடைவெளிகள் உண்டு. ஆனால் அவை கண நேரத்தில் தோன்றி மறைபவை. சியோலைட் (நுண்துளைகள் நிறைந்த கனிமம்) போன்ற திண்மங்களில் இருப்பதுபோல் நிலையான துளைகளைத் திரவத்துக்குள்ளும் வைக்கலாம் என்ற கருத்தை பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் ஜேம்ஸ் குழு 2007-இல் முன்வைத்தது. 2015-இல் லிவர்பூல் ஆய்வாளர்களும் சேர்ந்து அதைச் செய்து காட்டினார்கள்.

துளையைத் தருவது கரிமக் கூண்டு, அதாவது நடுவே வெற்றிடம் கொண்ட, கூண்டு வடிவக் கரிம மூலக்கூறு. 4 ட்ரைஃபார்மைல்பென்சீன் மூலக்கூறுகளும் 6 டைஅமீன் (இரண்டு அமீன் தொகுதிகள் கொண்ட) மூலக்கூறுகளும் இணைந்து, 12 நீர் மூலக்கூறுகளை வெளியேற்றி, 12 இமீன் (கார்பன்–நைட்ரஜன் இரட்டை) பிணைப்புகளுடன் நான்முகி வடிவில் மூடிக்கொள்கின்றன. நான்கு முகங்களிலும் ஒவ்வொரு சாளரம். வாயு அதன் வழியே போய்வரும். பெரிய மூலக்கூறு வெளியிலேயே நிற்கும்.

இங்கே இரண்டு நிபந்தனைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. கூண்டு ஏராளமாகக் கரைய வேண்டும். கரைக்கும் திரவமோ கூண்டுக்குள் நுழையக் கூடாது. டைகுளோரோமீத்தேன் போன்ற சிறிய கரைப்பான்கள் கூண்டுகளை எளிதில் கரைக்கும், உடனே உள்ளே புகுந்து துளையை அடைத்தும்விடும். முதல் வெற்றி, கிரௌன் ஈதர் (வளைய வடிவ ஈதர்) கைகள் கோத்த கூண்டை 15-கிரௌன்-5 என்ற பருத்த கரைப்பானில் கரைத்ததில் கிடைத்தது: ஒரு கூண்டுக்கு 12 கரைப்பான் மூலக்கூறுகள். வெறும் கரைப்பானைவிட மீத்தேன் சுமார் 8 மடங்கு கரைந்தது. ஆனால் அந்தக் கூண்டைத் தயாரிக்கப் பல படிகள் தேவை.

இரண்டு டைஅமீன்களைக் கலந்து செய்யும் கலப்புக் கூண்டு எளிய வழி. ட்ரைஃபார்மைல்பென்சீனை டைகுளோரோமீத்தேனில் எடுத்து, வினையூக்கியாகச் சிறிது டிரைஃபுளூரோ அசிட்டிக் அமிலம் சேர்த்து, ஒரே டைஅமீனுக்குப் பதில் இரண்டைச் சம மோல் அளவில் விடுகிறார்கள்: சைக்ளோஹெக்சேன் டைஅமீன், டைஅமினோ மெத்தில்புரோப்பேன். ஆறு விளிம்புகளிலும் இவை தாறுமாறாக அமைவதால் ஒன்றுபோல் இல்லாத கூண்டுகளின் கலவை கிடைக்கிறது. ஒழுங்கின்மைதான் இங்கே பலம். ஒரே மாதிரிக் கூண்டுகள் படிகமாக அடுக்கிக்கொண்டு வீழ்படிவாகும். கலவைக்கு அந்த ஒழுங்கு கைகூடாது. அதனால் 1 மில்லிலிட்டர் ஹெக்சாகுளோரோபுரோப்பீனில் 200 மில்லிகிராம் வரை கரைகிறது. அந்தக் கரைப்பான் சாளரத்தைத் தாண்டாது.

இடறும் இடங்கள் பெரும்பாலும் சுத்திகரிப்பில்தான். வினை முடிந்ததும் கரையாத பலபடித் துணுக்குகளை வடிகட்ட வேண்டும். பிறகு வெற்றிடத்தில் சூடாக்கி முழுமையாக உலர்த்த வேண்டும்; தயாரிப்பில் பயன்பட்ட டைகுளோரோமீத்தேன் கூண்டுக்குள் தங்கியிருந்தால், பார்ப்பதற்குச் சரியான கரைசலே கிடைக்கும், அதில் துளை மட்டும் இராது. அமிலமும் ஈரமும் சேர்ந்தால் இமீன் பிணைப்பு நீராற்பகுப்படைந்து கூண்டு உடையும். செறிவைக் கூட்டினால் துளைகள் பெருகும், ஆனால் பாகுத்தன்மையும் ஏறி வாயு ஊடுருவும் வேகம் குறையும்.

துளை உண்மையிலேயே காலியா என்று அறிய அழகான சோதனை ஒன்று உண்டு. திரவத்தை செனான் வாயுவால் நிறைத்துவிட்டு, கூண்டுக்குள் நுழையக்கூடிய குளோரோஃபார்மைச் சிறிதளவு சேர்க்க வேண்டும். அது செனானை வெளியே தள்ளி, தான் இடம்பிடிக்கிறது. வெளியேறும் வாயுவின் கன அளவை அளந்தால் போதும். கூண்டுக்குள் நுழையாத பருத்த மூலக்கூறைச் சேர்த்தால் இப்படி வாயு பொங்காது. இந்த ஒப்பீடு இல்லாமல் முடிவை நம்பக் கூடாது. சூடாக்காமல், அழுத்தம் குறைக்காமல் வாயுவை விடுவிக்கவும் இதுவே வழி. ஆனால் திரவத்தை மறுபடி பயன்படுத்த, புகுந்த குளோரோஃபார்மை முதலில் நீக்கியாக வேண்டும்.