முப்பத்திரண்டு பேரை யார் தேர்ந்தெடுப்பது?

1957 கோடையில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்துக்காரர்கள் நாளிதழைப் பிரித்தால் உள்ளே ஓர் ஓட்டுச்சீட்டு இருந்தது. இரண்டு லீக்குகளின் சிறந்த வீரர்கள் மோதும் பேஸ்பால் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் சீட்டு. ரசிகர் யோசித்து நிரப்ப வேண்டிய அவசியம்கூட இல்லை. பெயர்களைப் பத்திரிகையே நிரப்பிக் கொடுத்திருந்தது. வெட்டி அனுப்பினால் போதும். எல்லாப் பெயர்களும் உள்ளூர் அணியான ரெட்லெக்ஸின் ஆட்கள்.

எண்ணி முடித்தபோது, நேஷனல் லீக் சார்பில் ரசிகர்கள் தேர்ந்தெடுத்த 8 பேரில் 7 பேர் ரெட்லெக்ஸ் வீரர்களாக இருந்தார்கள். செயின்ட் லூயிஸ் அணியின் ஸ்டான் மியூசியல் ஒருவர்தான் முதல் பேஸில் (களத்தடுப்பு நிலைகளில் ஒன்று) தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டார். வில்லி மேஸுக்கு இடமில்லை, ஹாங்க் ஆரோனுக்கும் இடமில்லை. பேஸ்பால் வரலாற்றின் ஆகப் பெரிய இரண்டு பெயர்கள் அவை. விசாரித்ததில், வந்த ஓட்டுகளில் பாதிக்கு மேல் சின்சினாட்டியிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. பேஸ்பால் நிர்வாகத்தின் தலைவரான ஆணையர் ஃபோர்ட் ஃப்ரிக் தலையிட்டு, கஸ் பெல், வாலி போஸ்ட் இருவரையும் தொடக்க வரிசையிலிருந்து எடுத்துவிட்டு மேஸையும் ஆரோனையும் சேர்த்தார். அதோடு விடவில்லை. அடுத்த ஆண்டு ரசிகர்களின் ஓட்டுரிமையே போனது. 1970-இல்தான் அது திரும்பி வந்தது.

இன்று ஆல்-ஸ்டார் அணியைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைப் படிப்பவருக்கு, ஏன் இவ்வளவு சிக்கல் என்று தோன்றும். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் இப்படி ஒரு பழைய காயம் இருக்கிறது. அதனால்தான் இந்தத் தேர்வுமுறை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு கூட்டம் சேர்ந்து முடிவெடுப்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டியபடி 90 ஆண்டுகளாகப் பொதுவெளியில் நடந்துவரும் சோதனை இது.

முதலில் அமைப்பைப் பார்த்துவிடலாம். மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள், அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று 15, 15 ஆகப் பிரிந்து ஆடுகின்றன. ஜூலை நடுவில் பருவத்தைச் சில நாள் நிறுத்திவிட்டு, இரண்டு லீக்குகளின் சிறந்த வீரர்களும் ஒரே ஓர் ஆட்டத்தில் மோதுவார்கள். ஒவ்வொரு பக்கமும் 32 பேர். அதில் 20 பேர் மட்டை பிடித்துக் களத்திலும் நிற்பவர்கள், 12 பேர் பிட்சர்கள், அதாவது பந்து எறிபவர்கள். முந்தைய ஆண்டு லீக்கை வென்ற அணியின் மேலாளரே அந்த லீக்கின் ஆல்-ஸ்டார் அணியையும் நடத்துவார்.

இந்த 32 பேரை மூன்று தரப்புகள் பங்கு போட்டுத் தேர்ந்தெடுக்கின்றன. தொடக்க வரிசையின் 9 பேர் ரசிகர்களின் கையில். 17 பேரை, லீக்கில் ஆடுகிற சக வீரர்களே ஓட்டுப்போட்டு எடுக்கிறார்கள். மீதி 6 பேர் ஆணையர் அலுவலகத்தின் பொறுப்பு.

ரசிகர்களின் பங்கு தொடக்கத்திலிருந்தே உண்டு. 1933-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியை ஒட்டி, சிகாகோ ட்ரிப்யூன் இதழின் விளையாட்டு ஆசிரியர் ஆர்ச் வார்டு இந்த ஆட்டத்துக்கு யோசனை சொன்னார். பத்திரிகைகள் வழியாக மக்கள் ஓட்டுப்போட்டார்கள். ஜூலை 6 அன்று கொமிஸ்கி பார்க்கில் நடந்த அந்த முதல் ஆட்டத்தில், 38 வயது பேப் ரூத் ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்சர் போல) அடிக்க, அமெரிக்கன் லீக் 4-2 என வென்றது. சில ஆண்டுகளிலேயே தேர்வு மேலாளர்களிடம் போய், 1947-இல் மறுபடி ரசிகர்களிடம் வந்தது. பிறகு வந்ததுதான் சின்சினாட்டி.

சின்சினாட்டியில் உண்மையில் என்ன பிழையானது? ஊர்ப்பாசம் மட்டும் அதற்குக் காரணமில்லை. ஊர்ப்பாசம் எல்லா ஊரிலும் உண்டு. பிழை எண்ணும் முறையிலும் இருந்தது.

ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டாம் பேஸ் இடத்துக்கு லீக்கின் 15 அணிகளிலிருந்து 15 பேர் போட்டியிடுகிறார்கள். மொத்தம் 100 ஓட்டு. ஓர் ஊரின் 20 பேர் கண்ணை மூடிக்கொண்டு தங்கள் ஆளுக்கே போடுகிறார்கள். மீதி 80 பேர் நியாயமாக யோசித்துப் போடுகிறார்கள். யோசிப்பவர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வரமாட்டார்கள் அல்லவா? அவர்களில் 18 பேர் உண்மையிலேயே சிறந்த வீரருக்குப் போடுகிறார்கள். மற்ற 62 ஓட்டும் 13 பேருக்குச் சிதறுகின்றன. 20-க்கு 18 என்று ஊர்க்காரர் வென்றுவிடுகிறார். 80 பேர் அவரை விரும்பவில்லை என்பது எங்கும் பதிவாகவில்லை. ஓட்டுப் பிரிவதால் யார் யார் கரையேறுகிறார்கள் என்பதை நம் தேர்தல்களில் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பேஸ்பாலில் இன்னொரு படி இருக்கிறது. ஒரே ஓட்டர் ஒரே சீட்டில் எல்லா இடங்களுக்கும் ஆள் போடுகிறார். தன் அணிப்பெயரைப் பார்த்து அவர் எடுக்கும் ஒரே முடிவு, எட்டு இடங்களிலும் அச்சடித்ததுபோல விழுகிறது. பார்க்க எட்டுத் தனித்தனித் தேர்தல்கள். நடப்பதோ ஒரே தேர்தல், எட்டு முறை. அதனால்தான் 20 சதவீத ஆதரவுள்ள கூட்டம், 20 சதவீத இடங்களை வெல்லாமல் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறது.

58 ஆண்டுகள் கழித்து அதே கதை மறுபடி நடந்தது. 2015-இல் காகிதச் சீட்டை விட்டுவிட்டு இணைய ஓட்டுக்கு முழுவதுமாக மாறினார்கள். ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு 35 ஓட்டு. கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் ரசிகர்கள் களமிறங்கினார்கள். ஒரு கட்டத்தில் அமெரிக்கன் லீக்கின் 9 இடங்களில் 8-இல் ராயல்ஸ் வீரர்கள் முன்னிலை. அந்த ஆண்டு மட்டையில் மிகவும் தடுமாறிக்கொண்டிருந்த ஓமர் இன்ஃபான்டேகூட இரண்டாம் பேஸில் முதலிடத்தில் இருந்தார். முறைகேடானவை என்று 6 கோடிக்கும் அதிகமான ஓட்டுகளை நீக்கியதாக லீக் அறிவித்தது. கடைசி நேரத்தில் ஹூஸ்டனின் ஹோசே அல்டுவே இன்ஃபான்டேவை முந்தினார். ராயல்ஸுக்கு இறுதியில் 4 தொடக்க இடங்கள் கிடைத்தன. அந்த அணி மோசமான அணியும் அல்ல, அதே ஆண்டு உலகத் தொடரை வென்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கான மருந்து 2019-இல் வந்தது: இரண்டு சுற்று. முதல் சுற்றில் எல்லாரும் போட்டியிடுவார்கள். ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து முறை வரை ஓட்டுப்போடலாம். இப்போதுள்ள முறைப்படி ஒவ்வோர் இடத்திலும் முதல் இருவர் மட்டுமே இரண்டாம் சுற்றுக்குப் போவார்கள். அவுட்ஃபீல்டில், அதாவது களத்தின் வெளிப்பகுதியில், மூன்று இடங்கள் என்பதால் ஆறு பேர். அங்கே எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 2022 முதல், முதல் சுற்றில் லீக்கிலேயே அதிக ஓட்டு வாங்கியவர் நேரடியாக அணிக்குள் போய்விடுவார். அந்த ஆண்டு ஏரன் ஜட்ஜும் ரொனால்ட் அகூன்யா ஜூனியரும் அப்படிப் போனார்கள்.

நம் கணக்கில் இதைப் பொருத்திப் பாருங்கள். 20 ஓட்டுக்காரரும் 18 ஓட்டுக்காரரும் மட்டும் மிஞ்சுகிறார்கள். சிதறிய 62 பேரும் இப்போது இருவரில் ஒருவரைத் தேர்ந்தாக வேண்டும். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், 41 பேர் என்று வையுங்கள், சிறந்த வீரரின் பக்கம் சாய்ந்தாலே அவர் 59-க்கு 41 என்று வென்றுவிடுகிறார். ஒரு வீரரை எத்தனை பேர் வெறித்தனமாக நேசிக்கிறார்கள் என்பதை முதல் சுற்று அளக்கிறது. எத்தனை பேர் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை இரண்டாம் சுற்று அளக்கிறது. பிரான்ஸில் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் இதே ஏற்பாட்டில்தான்.

பெரிய ரசிகர் படையின் பலம் இதனால் முற்றிலும் கரைந்துவிடாது. 2023-இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸின் 4 பேர் ரசிகர் ஓட்டில் தொடக்க வரிசைக்கு வந்தார்கள். குறையே இல்லாத தேர்தல் முறை கிடையாது என்பது பொருளியலறிஞர் கென்னத் ஆரோ 1951-இல் கணிதமாகவே நிறுவிய விஷயம்: மூன்று பேரோ அதற்கு மேலோ போட்டியிட்டாலே, மக்களின் விருப்ப வரிசைகளை ஒன்றுசேர்க்கும் எந்த முறையிலும் நாம் நியாயம் என்று கருதும் நிபந்தனைகளில் ஏதாவது ஒன்று உடையும். எந்த இடத்தில் உடைந்தால் பரவாயில்லை என்பதை மட்டும்தான் நாம் தேர்ந்தெடுக்க முடியும்.

பிட்சர்கள் ரசிகர் சீட்டில் இல்லவே இல்லை. தொடக்கப் பிட்சர் ஒருவர் பொதுவாக ஐந்து அல்லது ஆறு நாளைக்கு ஒருமுறைதான் எறிவார். தோள் அதற்கு மேல் தாங்காது. ஆல்-ஸ்டார் ஆட்டம் செவ்வாய்க்கிழமை என்றால், ஞாயிற்றுக்கிழமை தன் அணிக்காக எறிந்தவர் பொதுவாக அதில் எறிவதில்லை. யாருக்கு எந்த நாள் முறை என்பது கடைசி வாரம் வரை மாறும். ஆகவே வீரர்களின் ஓட்டில் 5 தொடக்கப் பிட்சர்களும் ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து எறியும் 3 இடைப் பிட்சர்களும், ஆணையர் அலுவலகம் வழியாக இன்னும் 4 பேரும் வருகிறார்கள். பிட்சர்கள் தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதை 2002-இல் மில்வாக்கியில் பார்த்தார்கள். 11 இன்னிங்ஸ் முடிந்து 7-7. எறிய ஆளில்லாமல் ஆட்டம் சமனில் நிறுத்தப்பட்டது, அரங்கமே கூச்சலிட்டது. அடுத்த ஆண்டு முதல் அணிகளில் ஆள் எண்ணிக்கையைக் கூட்டினார்கள்.

வீரர்களின் ஓட்டை ரசிகர் ஓட்டுக்குச் சரியான எதிர்ப்பலம் என்று சொல்லலாம். எதிரில் நின்று அந்தப் பந்தைச் சந்தித்தவர்கள் அவர்கள். அவர்கள் முதலிடம் கொடுத்தவரை ரசிகர்கள் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தால், பட்டியலில் அடுத்தவர் உள்ளே வருவார்.

உண்மையான தலைவலி ஆணையர் அலுவலகத்தின் அந்த 6 இடங்கள். 15 அணிகளில் ஒவ்வொன்றிலிருந்தும் குறைந்தது ஒருவராவது இருக்க வேண்டும் என்பது விதி. ரசிகர்களும் வீரர்களும் நான்கு அணிகளைத் தொடாமல் விட்டிருந்தால், 6-இல் 4 இடங்கள் அப்படியே போய்விடும். யாருடைய திறமை எவ்வளவு என்பதைவிட, எந்த அணி விடுபட்டது என்பதே அங்கே முடிவைச் செய்கிறது. வலுவான அணியில் நன்றாக ஆடும் நான்காவது, ஐந்தாவது ஆள் வீட்டில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது இதனால்தான். இருந்தாலும் இந்த விதியை எடுக்கக்கூடாது என்பதே என் கருத்து. 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டங்களில் தோற்றது. அந்த ஊர்க் குழந்தைகளுக்கு அந்தக் கோடையில் தலைநிமிர்ந்து பார்க்க ஆல்-ஸ்டார் அணியில் ஒரு காரட் க்ரோஷே இருந்தார், அதுவும் தகுதியோடு.

காயம், ஓய்வு என்று பலர் விலகும்போது மாற்று ஆட்கள் வருவார்கள். 2025-இல் மில்வாக்கியின் ஜேக்கப் மிசியராவ்ஸ்கி மேஜர் லீக்கில் வெறும் 5 ஆட்டங்கள் ஆடிய நிலையில் அப்படி அழைக்கப்பட்டார். தங்கள் அணிப் பிட்சர்கள் விடுபட்டதில் பிலடெல்பியா வீரர்கள் தங்கள் வருத்தத்தை மறைக்கவில்லை.

5 ஆட்டம் குறைவு என்பது சரி. பாதிப் பருவம் போதுமா? அதுவும் போதாது என்கிறது புள்ளியியல். ஒருவரின் இயல்பான அடிக்கும் சராசரி .270, அதாவது நூறு முறைக்கு 27 முறை வெற்றிகரமாக அடிப்பவர் என்று வைப்போம். 300 முறை மட்டை பிடித்தால், அதிர்ஷ்டத்தின் ஆட்டத்தால் மட்டுமே அது சுமார் .026 மேலேயோ கீழேயோ நகர்வது மிகச் சாதாரணம். அதே ஆள் ஒரு ஆண்டு .296 என்று நட்சத்திரமாகத் தெரிவார், மறு ஆண்டு .244 என்று சோர்ந்து தெரிவார். திறமை இம்மியும் மாறியிருக்காது. ஜூன் மாதத்தில் திடீரென்று மின்னியவர்களில் பலர் ஆகஸ்டில் பழைய நிலைக்குத் திரும்புவதும் இதனால்தான். ஆகவே இந்த ஆண்டின் பாதிக் கணக்கைவிட, பத்தாண்டுப் புகழை நம்பி ரசிகர்கள் ஓட்டுப்போடுவது முழு மடத்தனம் அல்ல. நீண்ட கணக்கில் உண்மை அதிகம். எல்லை மீறிப் போனதும் உண்டு. 1989 மே மாதம் ஓய்வு அறிவித்துவிட்ட மைக் ஷ்மிட்டை, அதே ஆண்டு ஆல்-ஸ்டார் மூன்றாம் பேஸுக்கு ரசிகர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஆடவில்லை.

2001-இல் கால் ரிப்கன் ஜூனியரின் கதை வேறு. 2,632 ஆட்டங்கள் ஒன்றைக்கூட விடாமல் தொடர்ந்து ஆடிய மனிதர். 40 வயது. அந்தப் பருவத்தோடு விடைபெறுவதாகச் சொல்லியிருந்தார். சராசரி .240 அளவில்தான் இருந்தது. எண்களைப் பார்த்தால் அவருக்கு அங்கே வேலையில்லை. ரசிகர்கள் அவரை மூன்றாம் பேஸுக்கு அனுப்பினார்கள். ஜூலை 10, சியாட்டில். ஆட்டம் தொடங்கும் முன் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர்) அலெக்ஸ் ராட்ரிகஸ் அவரைப் பிடித்துத் தள்ளாத குறையாகத் தன் இடத்துக்கு அனுப்பிவிட்டு, தான் மூன்றாம் பேஸில் போய் நின்றுகொண்டார். ரிப்கன் தன் வாழ்நாளின் பெரும்பகுதி ஆடியது ஷார்ட்ஸ்டாப் இடத்தில்தான். மூன்றாவது இன்னிங்ஸில் அவர் மட்டை பிடிக்க வந்தபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. சான் ஹோ பார்க் எறிந்த முதல் பந்து இடது பக்க வேலிக்கு அப்பால் போய் விழுந்தது.