போன வருஷ நோட்டை நம்பாதீர்கள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தறிக்கூடம் வைத்திருப்பவர்களிடம் உற்பத்தித் திட்டம் என்று பேச்செடுத்தால், "அதெல்லாம் பெரிய மில்லுக்குங்க, எட்டுத் தறிக்கு எதுக்கு?" என்பார்கள். 2023 வரை நானும் அந்தக் கட்சிதான்.

அந்த வருஷம் ஓணத்துக்குக் கசவு வேட்டி, அதாவது ஜரிகைக் கரை போட்ட வேட்டி ஆர்டர். முந்தின வருஷ நோட்டை எடுத்து, அதே தேதிகளில் வேலையை ஓட்டினோம். 2022-ல் திருவோணம் செப்டம்பர் 8. 2023-ல் ஆகஸ்ட் 29. பத்து நாள் முன்னால் வந்துவிட்டது. கடைக்குச் சரக்கு மூன்று வாரம் முந்திப் போகவேண்டும். நோட்டில் ஆகஸ்ட் 18 என்று இருந்தது, உண்மையில் ஆகஸ்ட் 8. எனக்கு அது உறைத்தபோது ஆடி பிறந்திருந்தது.

நமக்கு ஆடி, மலையாளிகளுக்குக் கர்க்கடகம். கடைக்காரர் ஓணத்துக்குச் சரக்குக் குவிக்கிற நேரத்தில்தான் நம் தறிக்காரர்கள் ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போவார்கள். போனார்கள். மூன்று நாள் கூடத்தில் தறி நாடா ஓடும் சத்தமே இல்லை. கடைசியில் மிஞ்சிய வேட்டிகள் ஓணம் முடிந்து, கேட்ட விலைக்குப் போயின.

அதற்கப்புறம்தான் தேதியைப் பின்னாலிருந்து எண்ணப் பழகினேன். 3,000 டபுள் வேட்டி, ஒன்று 4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 150 ஊடை, அதாவது குறுக்கு இழை, ஓடும் தறி. துணியில் அங்குலத்துக்கு 56 ஊடை. ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 2,205 ஊடை ஆகும், ஆக மணிக்கு 4 மீட்டர். ஆனால் இழை அறும், ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்தால் மாற்றணும், கரண்ட் போகும். முக்கால்வாசிதான் கைக்கு வரும். பத்து மணி நேரத்துக்கு ஒரு தறியில் 30 மீட்டர், எட்டுத் தறிக்கு 240. நாளுக்கு 60 வேட்டி. 3,000-க்கு 50 வேலை நாள். ஞாயிறு லீவைச் சேர்த்தால் 58 நாள்.

தறி மட்டும் பார்த்தால் போதாது. நெடுக்கு இழையான பாவுக்குக் கஞ்சி ஏற்றும் சைசிங்கில் சீசனில் வரிசை நிற்கும். நான் பத்து நாள் போடுவேன். ஜரிகை சூரத்திலிருந்து வரவேண்டும், முழு ஆர்டருக்கும் ஒரே லாட்டில் வாங்கிவிடுங்கள். ஒருமுறை பாதியில் லாட் மாறி, ஒரே கட்டுக்குள் இரண்டு விதமான மஞ்சள் கரை வந்தது. வெயிலில் விரித்துப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் கஞ்சி போட்டு, உலர்த்தி, மடிக்க எட்டு நாள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் அடிக்கிற காலம் அது, துணி காயாது. நாலு நாள் போதும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

2026-ல் திருவோணம் ஆகஸ்ட் 26. சரக்கு ஆகஸ்ட் 5, தறி நிற்பது ஜூலை 28, தறி ஏறுவது மே 31, நூல் கூடத்துக்கு வருவது மே 21. இந்த நாலு தேதியையும் ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன். நூல்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஏங்க, ஓணத்துக்கு மே மாசமேவா?" என்று சிரித்தார். ஜரிகையை ஏப்ரலிலேயே சொல்லிவிட்டதை அவரிடம் சொல்லவில்லை.