"மே 3-க்குப் பிறகு வருகிறேன், டாக்டர்"

2020 ஏப்ரல். கொரோனா ஊரடங்கு மே 3 வரை நீண்டிருந்த நேரம். அப்போது ஒருவர் காலில் கட்டோடு வந்தார். கட்டு என்றால் வேட்டிக் கிழிசல். பிரித்தால் மஞ்சள் பற்று. அதற்கடியில் சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது. பழைய சர்க்கரை நோயாளி. மார்ச் கடைசியிலேயே மாத்திரை தீர்ந்துவிட்டதாம். "வெளியே போனால் போலீஸ் அடிக்கும் என்றார்களே" என்றார். விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இப்படி வந்தவர்களில் இவர் முதல் ஆள் இல்லை.

மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவில் நாடே அடைந்துவிட்டது. எது திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்று நான்கு மணி நேரத்தில் யார் போய் ஊர் ஊராகச் சொல்வது? அன்றைய உள்துறை அமைச்சக ஆணையில் மருத்துவமனை, மருந்துக்கடை, ஆய்வுக்கூடம், ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் விலக்கு இருந்தது. ஆனால் 'வெளியே வராதீர்கள்' என்பது மட்டும்தான் மக்கள் காதில் விழுந்தது. அதற்கு நோயாளியைத் திட்டிப் பயனில்லை.

திட்ட வேண்டியது வேறொன்றுக்கு. ஊரடங்கையே வைத்தியம் என்று நம்பினார்கள். மார்ச் 22 ஒருநாள் மக்கள் ஊரடங்கின்போதே, 14 மணி நேரம் வீட்டில் இருந்தால் வைரஸ் செத்துவிடும் என்று வாட்ஸப்பில் சுற்றியது. அந்த ஒருநாள் ஊரடங்கு 21 நாளாகி, பிறகு மே 3 வரை நீண்டது. ஐயா, ஊரடங்கு எதையும் கொல்லாது. தொற்று பரவுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அந்த அவகாசத்தில் படுக்கையும் ஆக்சிஜனும் தயார் செய்வது அரசின் வேலை. நீங்கள் கதவைச் சாத்தியது கொரோனாவுக்கு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏற்கெனவே வீட்டுக்குள்தான் இருக்கின்றன; ஊரடங்கு முடியும்வரை அவை காத்திருக்காது.

அன்று எல்லோருக்கும் சொன்னது இது: மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். வழியில் போலீஸ் நிறுத்தினால் மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். (அதை லேமினேஷன் செய்யாதீர்கள், அடுத்த முறை நான் எங்கே எழுதுவது?) சர்க்கரை உள்ளவர்கள் தினமும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும், பள்ளிக்கூடம்தான் இல்லையே. காசநோய் மாத்திரையை நடுவில் நிறுத்தினால் பிறகு அதே மருந்து கேட்காமல் போகலாம். டயாலிசிஸைத் தள்ளிப்போடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நெஞ்சு வலித்தால், தயவுசெய்து, வாயு என்று சோடா குடித்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். அந்த ஊரடங்கிலும் ஆம்புலன்சுக்குத் தடை இருக்கவில்லை.