குழாய்க் கர்ப்ப ஆபரேஷனுக்குப் பிறகு: டிஸ்சார்ஜ் அன்று சொல்ல வேண்டியவை

ஆபரேஷன் முடிந்த பன்னிரண்டாம் நாள் காலையில் அந்தப் பெண் போன் செய்தார். "மேடம், வீட்டுல டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். ரெண்டு கோடு வந்திருக்கு." குரல் நடுங்கியது. கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கிய கரு போனாலும், கர்ப்பப்பையில் இன்னொன்று பிழைத்திருக்குமோ என்ற நம்பிக்கை அது.

ஸ்கேனில் கர்ப்பப்பை காலியாகத்தான் இருந்தது. கருவை எடுத்த பிறகும் கர்ப்ப ஹார்மோன் ரத்தத்திலிருந்து முழுதாக வடிய சில வாரங்கள் ஆகும். கோடு காட்டியது அதைத்தான். மார்பு கனப்பதும் லேசான குமட்டலும் சில நாள் நீடிப்பது இதனால்தான். வீட்டுக்கு அனுப்பும்போதே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் அவர் ஒரே குழந்தையை இரண்டு முறை இழந்தார். அன்றிலிருந்து எல்லோரிடமும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

நூறு கர்ப்பங்களில் ஒன்றோ இரண்டோ கர்ப்பப்பைக்கு வெளியே தங்கிவிடுகின்றன. அதில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் கருக்குழாயில். அந்தக் கருவை எடுத்துக் கர்ப்பப்பையில் வைக்க இன்றுவரை வழியில்லை. விட்டால் குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும், தாயின் உயிருக்கே ஆபத்து. "கலைச்சிட்டாங்க" என்று சொந்தக்காரர்கள் பேசுவதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. இங்கே கலைப்பதா வேண்டாமா என்று யோசிக்க இடமே கிடையாது.

லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுக் கேமரா வழியே பார்த்துச் செய்யும் ஆபரேஷன், செய்தவர்கள் மறுநாள் அதிகம் சொல்வது தோள்பட்டை வலியை. "வயித்துல ஆபரேஷன் பண்ணிட்டு தோள் ஏன் வலிக்குது?" என்று பயந்துபோவார்கள். வயிற்றை விரிக்கச் செலுத்திய வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையை உறுத்துவதால் வருவது அது. மெல்ல எழுந்து நடந்தால் இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆனால் தோள் வலியோடு மயக்கம், படபடப்பு, வயிறு இறுகி வீங்குவது என்று வந்தால் வாயு என்று விட்டுவிடாதீர்கள், உடனே வாருங்கள். காய்ச்சல், தையலில் சீழ், ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனையும் உதிரப்போக்கு, இவற்றுக்கும் அப்படியே. மாதவிடாய் போன்ற அளவான உதிரப்போக்கு ஓரிரு வாரம் இருப்பது சாதாரணம்.

லேப்ராஸ்கோபி என்றால் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் பழைய நடமாட்டம் வரும். வயிற்றைத் திறந்து செய்திருந்தால் ஆறு வாரம் வரை ஆகலாம். அதுவரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் எதையும் தூக்க வேண்டாம். "சின்ன ஓட்டைதானே" என்று மூன்றாம் நாளே அடுப்படிக்கு அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே ரத்தம் இழந்த உடம்பு அது. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு சேர்க்காமல் எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் நன்றாக உடம்பில் சேரும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் அடுத்த கர்ப்பத்தைப் பாதுகாக்கும் ஆன்டி-டி ஊசியை 72 மணி நேரத்துக்குள் போட்டாயிற்றா என்று கேளுங்கள். குழாயை எடுக்காமல் கருவை மட்டும் எடுத்திருந்தால் கருவின் துணுக்கு ஏதும் குழாயில் ஒட்டியிருக்கலாம். பீட்டா எச்.சி.ஜி. என்ற அந்தக் கர்ப்ப ஹார்மோன் அளவு முழுதாக இறங்கும்வரை வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு வந்தே ஆக வேண்டும்.

அப்புறம் மனசு. ஒரு முறை இடமில்லாமல், ஆபரேஷன் முடிந்த பெண்ணைப் பிரசவ வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் பிறந்து ஒரு நாளே ஆன குழந்தை அழுதுகொண்டிருந்தது. இவர் போர்வையைத் தலைவரை இழுத்துச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கட்டிலை மாற்றச் சொல்லிவிட்டு அருகில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அதை என்ன பண்ணீங்க மேடம்?" என்று கேட்டார். பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதை உள்ளபடி சொன்னேன். அதற்கு அப்புறம்தான் அவருக்கு அழுகை வந்தது.

வீட்டில் எல்லோரும் "உயிர் பிழைச்சதே பெரிசு" என்கிறார்கள். உண்மைதான். ஆனால் நாள் தள்ளிப்போன அன்றிலிருந்து மனசுக்குள் வளர்த்த குழந்தைக்கு யாரும் துக்கம் விசாரிப்பதில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியும் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தி 2020-இல் வெளிவந்த ஆய்வில், கருச்சிதைவோ இடம் மாறிய கர்ப்பமோ ஏற்பட்ட பெண்களில் ஏறக்குறைய 29 சதவீதம் பேருக்கு ஒரு மாதத்தில் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த அறிகுறிகள் இருந்தன. ஒன்பது மாதம் கழித்தும் 18 சதவீதம் பேருக்கு இருந்தன. தூக்கமின்மை, திரும்பத் திரும்ப அந்த இரவே கண்முன் வருவது, கர்ப்பிணிகளைப் பார்க்கவே முடியாமல் போவது என்று வாரக்கணக்கில் நீடித்தால் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கணவர்களுக்கு ஒரு வார்த்தை. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தியேட்டர் வாசலில் நின்ற பயம் உங்களுக்கும் இருக்கும். அதை மறைக்காமல் மனைவியிடம் சொல்லுங்கள். பப்பாளி சாப்பிட்டது, பைக்கில் போனது, மாடி ஏறியது என்று யாராவது குற்றம் சுமத்தினால் நீங்கள்தான் நிறுத்த வேண்டும். இவை எதுவும் காரணம் இல்லை. முன்பு வந்த தொற்று, குழாயில் செய்த ஆபரேஷன், புகைப்பழக்கம் போன்றவை குழாயைக் கெடுக்கலாம். பலருக்குக் காரணமே தெரிவதில்லை.

ஒரு குழாய் போனாலும், மற்றது நன்றாக இருந்தால் இயல்பாகக் கருத்தரிக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு அடுத்த கர்ப்பம் சரியான இடத்தில்தான் தங்குகிறது. மறுபடி குழாயில் தங்கும் வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்று. மாதவிடாய் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் திரும்பும். அதற்கு முன்பே கரு தங்கலாம் என்பதால் தடுப்பு முறை பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாதவிடாயாவது போகட்டும் என்பேன். கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டிருந்தால் மூன்று மாதம்.

அடுத்த முறை நாள் தள்ளியதும் போன் செய்யுங்கள். ஆறாவது வாரத்தில் ஸ்கேன் பார்த்துவிடலாம். எந்த ஊரில், எந்த டாக்டரிடம் போனாலும் கையில் இருக்கட்டும் என்று, டிஸ்சார்ஜ் சம்மரியின் ஓரத்தில் பேனாவால் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன்: "வலது கருக்குழாய் எடுக்கப்பட்டது. இடது குழாய் நன்றாக உள்ளது."