"வலி நின்றுவிட்டது டாக்டர், வரவேண்டாம்தானே?"

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பல் கிளினிக்குக்குத் திங்கட்கிழமை காலையில் வரும் போன்களில் பாதி இந்தக் கேள்விதான். சனிக்கிழமை இரவு ஈறு வீங்கியிருக்கும். ஞாயிறு முழுக்கத் தூக்கம் இருந்திருக்காது. திங்கள் விடியும்போது வாயில் கசப்பாக, நாற்றமாக ஏதோ வழிந்து, வலி சட்டென்று அடங்கியிருக்கும். "அப்பாய்ண்ட்மெண்டைக் கேன்சல் பண்ணிடலாமா?"

வேண்டாம், வாருங்கள். வழிந்தது சீழ். அடைபட்டுக் கிடந்ததற்கு ஒரு வழி கிடைத்தது, அழுத்தம் இறங்கியது, வலியும் இறங்கியது. சீழ் கட்டக் காரணமான அழுக்கு இன்னும் உள்ளேயேதான் இருக்கிறது.

ஆரோக்கியமான ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் வரை ஒரு பள்ளம் இருப்பது சாதாரணம். பல வருடமாகக் காரை படிந்து, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைய ஆரம்பித்தால் அந்தப் பள்ளம் 5, 6 மில்லிமீட்டர் என்று ஆழமாகிப் பைபோல ஆகிவிடும். பையின் வாய் மூடிக்கொண்டால் உள்ளே சீழ் கட்டும். ஈறு சிவந்து, பளபளவென்று உப்பி, தொட்டால் உயிர் போகும். பல் லேசாக ஆடும். கடித்தால் அந்த ஒரு பல் மட்டும் உயர்ந்துவிட்டதுபோல முதலில் இடிக்கும்.

பல்லைச் சுத்தமாக வைத்திருப்பவர்களுக்கும் இது வரலாம். ஒரு தங்கை ஈறில் கட்டி என்று அழுதுகொண்டே வந்தாள். இணையத்தில் தேடிப் புற்றுநோய் வரைக்கும் போய்விட்டிருந்தாள். ஈறை மெல்ல விலக்கிப் பார்த்தால், பாப்கார்னின் மெல்லிய பழுப்புத் தோல் ஒன்று பல்லோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எடுக்க இரண்டு நிமிடம். மீன் முள், முறுக்குத் துண்டு, ஒடிந்த பல்குத்தி நுனி எல்லாம் இப்படி எடுத்திருக்கிறேன். இருபது வயதை ஒட்டியவர்களுக்கு, பாதி முளைத்த ஞானப்பல்லின் மேல் மூடியிருக்கும் சதைக்கடியில் சோறு சிக்கியும் வீங்கும்.

இன்னொருவர் கிராப் வாடகைக் கார் ஓட்டும் அங்கிள். கீழ்க்கடைவாயில் வீக்கம். கன்னமெல்லாம் கோடாலித் தைலம். அவர் அறைக்குள் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. மருமகன் எப்போதோ சாப்பிட்டு மிச்சம் வைத்த ஆன்டிபயாட்டிக்கில் நாலு மாத்திரை போட்டாராம். வலி நின்றது, வண்டி எடுத்தார். ஒன்பதாம் நாள் வீக்கம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. ஆன்டிபயாட்டிக்கை மட்டும் விழுங்கினால் பைக்குள் கட்டிய சீழ் வெளியே வராது; அதைக் கையால் திறந்து வடிக்க வேண்டும். காய்ச்சல் இருந்தால், வீக்கம் பரவினால் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்போம். எது, எத்தனை நாள் என்பதை மருமகனின் மாத்திரை அட்டை சொல்லாது.

அங்கிளின் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தேன். சர்க்கரை 17.8 mmol/L, மிக அதிகம். "எனக்கு இனிப்புநீர் இல்ல டாக்டர், நான் தே ஓ கோசோங்தான் குடிப்பேன்" என்றார். இனிப்புநீர் என்றால் நீரிழிவு; தே ஓ கோசோங் என்றால் பாலும் சர்க்கரையும் போடாத தேநீர். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர் இருக்கிறது. அவர்களில் ஐந்தில் இருவருக்கு அது இருப்பதே தெரியாது. ஈறில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இடத்தில் சீழ் கட்டினால், அல்லது ஆறி ஆறித் திரும்ப வந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது சர்க்கரையைத்தான்.

சரி, கிளினிக் திறக்கும் வரை என்ன செய்வது? ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளித்துத் துப்புங்கள். பல்லிடுக்கில் ஏதோ சிக்கியதுபோல் இருந்தால் ஃபிளாஸ் நூலை மெதுவாக விட்டுப் பாருங்கள். பல்குத்தி வேண்டாம், ஊசி வேண்டவே வேண்டாம். வலிக்கிறதென்று அந்தப் பக்கம் பல் துலக்காமல் விடுவது எல்லோரும் செய்யும் தவறு. மென்மையான பிரஷால் துலக்குங்கள். படுத்தால் விண்விண் என்று தெறிக்கும். தலையணை இரண்டாக இருக்கட்டும்.

வலிக்குப் பனடோல் (பாராசிட்டமால்) 500 மில்லிகிராம், பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் போகக்கூடாது. கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள் கேட்டுவிட்டுப் போடுங்கள். சளி மாத்திரை சிலவற்றிலும் இதே மருந்து கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐபுபுரொஃபன் ஈறு வலிக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் தொடவேண்டாம். காய்ச்சல் அடித்தால் டெங்கி இல்லை என்று தெரியும்வரை யாருமே வேண்டாம்.

ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த நாள் அந்த இடம் வெந்து வெள்ளையாக உரிந்திருக்கும். வலி ஒன்று இரண்டாகிவிடும். கிராம்பு எண்ணெயை அப்படியே ஊற்றினாலும் இதே கதி. கன்னத்தில் சூட்டு ஒத்தடமும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் வைத்தால் போதும்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் கிளினிக் திறக்கக் காத்திருக்காதீர்கள். வாயில் இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்குத் தாடை இறுகுவது, எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, தாடைக்கடியில் கழுத்துப் பக்கம் கெட்டியாக வீங்குவது, நாக்கை மேலே தள்ளுவது, வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் குரல் மாறுவது, கண் மூடும் அளவுக்குக் கன்னம் வீங்குவது. இதில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சு திணறினால் ஆம்புலன்ஸுக்கு 999-ஐ அழையுங்கள். வாயின் அடித்தளத்தில் பரவும் சீழ் சில மணி நேரத்தில் மூச்சுப் பாதையை அடைத்துவிடலாம்.

அங்கிளின் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, எலும்பு மிச்சமே இல்லை. பக்கத்துப் பல் இரண்டும் தப்பிவிட்டன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈறைச் சுத்தம் செய்ய வருகிறார். வரும்போது சர்க்கரை எழுதிய அட்டையையும் எடுத்து வருகிறார், நான் கேட்பதற்கு முன்பே நீட்டிவிடுகிறார்.