சாயப்பட்டறை வெந்நீரின் சூட்டைச் சேமிப்பது எப்படி?

திருப்பூர் சாயப்பட்டறைகளில் பருத்திப் பின்னல் துணி லாட் லாட்டாகத்தான் (ஒரு தடவைக்கு ஒரு தொகுதி) சாஃப்ட் ஃப்ளோ என்னும் சாய மெஷினில் ஏறி இறங்குகிறது. ஒரு லாட்டுக்கே தண்ணீரைப் பலமுறை நிரப்பி வடிப்பார்கள். துணியை வெளுக்கும் பிளீச்சிங்குக்கு 95 டிகிரி, பருத்தி இழையோடு பிணையும் ரியாக்டிவ் சாயத்துக்குப் பெரும்பாலும் 60, பிறகு ஒட்டாத சாயத்தைக் கழுவும் சோப்பிங்குக்கு மறுபடி 90க்கு மேல். கிலோ துணிக்கு ஆறு லிட்டர் என்ற 1:6 விகிதத்தில் 500 கிலோவுக்கு 3,000 லிட்டர் பிடிக்கும். அந்தத் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 95க்கு ஏற்ற மட்டும் சுமார் 400 கிலோ நீராவி செலவாகும்.

இந்த 3,000 லிட்டரும் திரும்பக் கைக்கு வராது. நனைந்த பருத்தி தன் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும்; வடிவது 1,750 லிட்டர்தான். 80 டிகிரியில் வடியும் அதை 38 வரை இறக்கினால் சுமார் 308 மெகாஜூல் கிடைக்கும். ஏறத்தாழ 145 கிலோ நீராவி மிச்சம்.

சிக்கல் நேரத்தில்தான். மெஷின் ஐந்து நிமிடத்தில் வடிந்துவிடும். அந்த நேரம் பக்கத்து மெஷினுக்கு வெந்நீர் வேண்டியிருக்காது. வடியும் வேகத்திலேயே சூட்டை வாங்க 1,000 கிலோவாட் வெப்பப் பரிமாற்றி தேவை; இது மெல்லிய தகடுகளின் ஒருபுறம் ஓடும் கழிவுநீரின் சூட்டை மறுபுறம் ஓடும் நல்ல தண்ணீருக்கு மாற்றும் கருவி. கழிவுநீரை முதலில் ஒரு தொட்டியில் பிடித்து, 40 நிமிடத்தில் நிதானமாகப் பம்ப் செய்தால் 130 கிலோவாட் போதும், தகட்டுப் பரப்பும் எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே முதல் செலவு தொட்டிக்கு.

மறுபக்கம் நல்ல தண்ணீருக்கு உயரமான, ஒடுங்கிய தொட்டி. அடியிலிருந்து குளிர்நீரை எடுத்து, பரிமாற்றி வழியே 70 டிகிரிக்கு ஏற்றி, மேலே விட வேண்டும். வெந்நீர் லேசானது, மேலேயே நிற்கும். ஆனால் குழாய் வாயிலிருந்து பீய்ச்சி அடித்தால் அடுக்கு கலைந்து தொட்டி முழுக்க 50 டிகிரி ஆகிவிடும். அப்போது அடியிலிருந்து போவதும் 50 டிகிரி நீர்தான். கழிவுநீரை 60க்குக் கீழே இறக்க முடியாது, மீட்கும் சூடு பாதி அளவுக்கும் கீழே போய்விடும். நீர் வேகமில்லாமல் பரவி நுழைய, வாயில் துளைக்குழாயோ தட்டோ வைப்பது சிறிய வேலை. அதை விட்டுவிட்டுப் பரிமாற்றியைக் குறை சொல்வது நியாயமில்லை.

தகடுகளை முதலில் அடைப்பது துணியிலிருந்து உதிரும் பஞ்சு. முன்னால் சுழல் வடிகட்டியும் அகல இடைவெளித் தகடுகளும் அவசியம். அடுத்தது உப்பு. சாயக் குளியலில் (துணியைச் சாயமேற்றும் நீரில்) லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் சாதா உப்பு இருந்தால், சூடும் குளோரைடும் சேர்ந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குழி விழச் செய்யும். எனவே அந்த வடிநீரை ஒதுக்கி, பிளீச்சிங், சோப்பிங் நீரை மட்டும் பிடிப்பது நல்லது. 55 டிகிரிக்குக் கீழான அலசல் நீரை வேறு வழியில் அனுப்ப, டிரெயினில் வெப்பநிலை பார்த்துத் திரும்பும் வால்வு வேண்டும். ஆபரேட்டர் வடிப்பதற்கு முன்பே குளிர்நீரை ஓவர்ஃப்ளோ விட்டால் சூடு அங்கேயே நீர்த்துப்போகும்.

பாலியெஸ்டர் 130 டிகிரியில் சாயமேறும் மெஷின்களில் இன்னும் எளிது. குளிரவைக்க ஓடும் கூலிங் வாட்டர் சாயத்தைத் தொடுவதில்லை. அப்படியே வெந்நீர்த் தொட்டிக்கு விடலாம்.

கழிவுநீர் ஆறிப்போவதில் இன்னொரு பலனும் உண்டு. சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்களுக்கும் நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வுகளுக்கும் 40 டிகிரிக்கு மேல் ஆகாது.

சேமித்த வெந்நீரைப் பிளீச்சிங், சோப்பிங் நிரப்பலுக்குக் கொடுங்கள். சாயமேற்றும் குளியலுக்கு 70 டிகிரி நீரை நேரடியாக விட்டால் சாயம் அவசரமாக ஏறித் துணி திட்டுத்திட்டாக நிற்கும்.